செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம்: சிங்கைக்கு ஒளியூட்டிய செங்கல் மாளிகை

சிங்கப்பூரின் தென்கரையில், செந்தோசாத் தீவுக்கு எதிர்ப்புறத்தில், பழைய செங்கற் கட்டடம் ஒன்று நிற்கின்றது. அதன் அருகில் விவோசிட்டி என்னும் பெரிய கடைத்தொகுதி உள்ளது. விடுமுறை நாள்களில் பெற்றோருடன் அப்பக்கம் செல்லும் நம் மாணவர்களுள் பலர் அக்கட்டடத்தைக் கடந்து சென்றிருப்பர். அஃது என்ன கட்டடம் என்று வினவியோர் சிலராகவே இருப்பர். அதன் பெயர் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம். இன்று அது பெயரளவில்தான் மின்நிலையம். அங்கு மின்சாரம் உற்பத்தி செய்வதை நிறுத்தி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. எனினும் பெயர் மாறவில்லை, கட்டடமும் இடிக்கப்படவில்லை. இயந்திரங்கள் போன பின்பும் ஒரு மின்நிலையம் எவ்வாறு நிலைத்து நின்றது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மாணவர்களே, மின்விளக்கு வருவதற்கு முன்னர் சிங்கப்பூர்த் தெருக்களில் எவ்வகை விளக்குகள் எரிந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1824ஆம் ஆண்டில் தெருவிளக்குகள் முதன்முதலாக ஏற்றப்பட்டன. அவற்றில் எரிந்தது தேங்காய் எண்ணெய். நம் வீட்டுப் பூசையறையில் எரியும் அகல்விளக்கைக் கம்பத்தின் மேல் தூக்கி வைத்தால் எத்துணை வெளிச்சம் கிடைக்குமோ அத்துணைதான் அன்று தெருவுக்குக் கிடைத்திருக்கும். பின்னர் 1864ஆம் ஆண்டில் எரிவாயு விளக்குகள் வந்தன. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடேற்றி, அதிலிருந்து வெளிப்படும் வாயுவைக் குழாய்களின் வழியே ஊருக்குள் அனுப்பினர். இதற்கென அமைந்த கல்லாங் எரிவாயு ஆலை 1862ஆம் ஆண்டு முதல் 1998ஆம் ஆண்டு வரை இயங்கியது. அந்த வட்டாரத்தை ஹொக்கியன் சீனர்கள் "நெருப்பு நகரம்" எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். பொருத்தமான பெயர்தான்.

மின்சாரம் தெருவுக்கு வந்தது 1906ஆம் ஆண்டில். ராபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்கள் முதலில் மின்னொளி பெற்றன. அம்மின்சாரம் எங்கிருந்து வந்தது? நகராட்சியிடம் அப்போது சொந்த மின்நிலையம் இல்லை. 1905ஆம் ஆண்டில் மின்சார டிராம் வண்டிகளை ஓட்டத் தொடங்கிய ஒரு தனியார் நிறுவனம், தன் வண்டிகளுக்காக மெக்கன்சி சாலையில் மின்நிலையம் ஒன்றை அமைத்திருந்தது. தேக்கா வட்டாரத்துக்குச் செல்வோர் அச்சாலையை அறிவர். தமிழ்ப் படங்கள் திரையிடப்பட்ட ரெக்ஸ் திரையரங்கு அச்சாலையில்தான் அமைந்திருந்தது. அந்த நிறுவனத்திடமிருந்து நகராட்சி மின்சாரத்தை மொத்தமாக விலைக்கு வாங்கி, தெருக்களுக்கும் வீடுகளுக்கும் வழங்கியது. அதாவது, டிராம் வண்டிக்கு ஆக்கிய சோற்றில் ஊருக்கும் ஒரு பங்கு கிடைத்தது எனலாம்.

விருந்தாளிகள் பெருகினால் பிறர் வீட்டுச் சோற்றை எத்தனை நாள் நம்பியிருக்க முடியும்? மின்விசிறிகளும் விளக்குகளும் மின்தூக்கிகளும் ஆண்டுதோறும் பெருகின. துறைமுகம் வளர்ந்தது. ஆகவே நகராட்சி தனக்கெனச் சொந்தமாக மின்நிலையம் கட்டத் தீர்மானித்தது. 1924ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய கட்டுமானப் பணி 1927ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அப்போதைய ஆளுநர் சர் ஹியூ கிளிஃபோர்டு அதனைத் திறந்து வைத்தார். அதே ஆண்டில் டிராம் வண்டிகளும் தம் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டன என்பது ஒரு சுவையான ஒற்றுமை. அவற்றுக்கு மாற்றாக, தலைக்கு மேலுள்ள கம்பிகளிலிருந்து மின்சாரம் பெறும் டிராலி பேருந்துகள் ஓடின.

புதிய நிலையத்துக்குக் கடற்கரையோர இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்? இதற்கு இரு காரணங்கள் உள்ளன. அந்நிலையத்தின் உணவு நிலக்கரி. நிலக்கரியோ கப்பலில் வரவேண்டிய பொருள். துறைமுகத்துக்கு அருகிலேயே அடுப்பு இருந்தால், கரியைச் சுமந்து செல்லும் செலவும் உழைப்பும் குறையும். இரண்டாவது காரணம் தண்ணீர். இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், மின்நிலையத்தின் உள்ளே நடப்பது என்ன என்பதை அறிதல் வேண்டும்.

அடுப்பில் சோற்று உலை கொதிக்கும்போது பானையின் மூடி துள்ளுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீராவிக்குத் தள்ளும் ஆற்றல் உண்டு என்பதற்கு அதுவே சான்று. மின்நிலையத்தில் இருப்பதும் ஒரு பேருலைதான். நிலக்கரியை எரித்துக் கொதிகலனில் உள்ள நீரை ஆவியாக்குவர். மூடி துள்ளி ஆவி வெளியேற அங்கு வழியில்லை. எனவே அழுத்தம் மிகுகின்றது. அழுத்தம் மிக்க அந்த ஆவியைக் குழாய் வழியே செலுத்தி, பல அலகுகள் பொருத்திய சக்கரங்களின் மீது மோதவிடுவர். சக்கரம் சுழலும். இதற்குச் சுழலி என்று பெயர். நீராவிச் சுழலியை 1884ஆம் ஆண்டில் உருவாக்கிய பெருமை சார்லஸ் பார்சன்ஸ் என்பவரைச் சாரும். சுழலியின் தண்டோடு மின்னாக்கி இணைக்கப்பட்டிருக்கும். கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் தோன்றும் என்று மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். மிதிவண்டியின் சக்கரத்தில் உராய்ந்து விளக்கை எரியச்செய்யும் சிறிய டைனமோவும் இவ்விதிப்படியே இயங்குகின்றது. அங்கே நம் கால் மிதிக்கின்றது. இங்கே நீராவி மிதிக்கின்றது.

சுழலியைச் சுற்றிவிட்ட ஆவி பின்னர் எங்கே செல்லும்? அதனை வானில் விட்டுவிட்டால் கொதிகலனுக்கு ஓயாமல் புதுநீர் ஊற்ற வேண்டியிருக்கும். கடல்நீரை ஊற்றலாமே என நினைக்கலாம். கடல்நீர் கொதித்தால் உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். ஆகவே நன்னீர்தான் வேண்டும். நன்னீருக்கு நம் தீவில் என்றுமே தட்டுப்பாடு. எனவே பயன்பட்ட ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கி அதே கொதிகலனுக்கு அனுப்புவர். குளிர்விக்கும் வேலையைக் கடல்நீர் செய்யும். ஆவி ஒரு குழாயிலும் கடல்நீர் மற்றொரு குழாயிலுமாக, ஒன்றோடொன்று கலவாமல் செல்லும். ஆவி நீராகச் சுருங்கும்போது அவ்விடத்தில் வெற்றிடம் போன்ற நிலை உண்டாகி, பின்னே வரும் ஆவியைச் சுழலியின் வழியே விரைவாக இழுத்துக்கொள்ளும். இதனால் சுழலியின் வலிமையும் கூடுகின்றது. இத்தனைக்கும் வேண்டிய நீரோ மிகப் பெரிய அளவு. எனவேதான் மின்நிலையங்கள் கடலையோ ஆற்றையோ நாடிச் செல்கின்றன.

செயின்ட் ஜேம்ஸ் அமைந்துள்ள பகுதி தெலுக் பிளாங்கா என வழங்கப்படும். மலாய் மொழியில் "தெலுக்" என்பது வளைகுடா. "பிளாங்கா" என்பது சமையற்பானை. பானை வடிவான அவ்வளைகுடாவின் கரையில் நகருக்கே உலை ஏற்றும் இடம் அமைந்தது தற்செயல்தான். ஆயினும் மறக்க முடியாத தற்செயல்.

கட்டடத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். உயர்ந்த சுவர்கள், செங்கல் முகப்பு, வளைந்த மேற்புறம் உடைய நெடிய சாளரங்கள், கூரையின் மேல் மற்றொரு சிறு கூரை வைத்தாற்போன்ற அமைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். இவை அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. கொதிகலன்கள் பல மாடி உயரம் உடையவை. ஆதலால் கூடமும் அத்துணை உயரமாக இருக்க வேண்டும். உள்ளே வெப்பம் மிகுதி; ஆதலால் சூடான காற்று மேலே சென்று வெளியேறக் கூரையில் இடைவெளி வேண்டும். வேலை செய்வோர்க்குப் பகல் வெளிச்சம் வேண்டும். ஆதலால் நெடிய சாளரங்கள். இயந்திரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது இக்கட்டடம். இதை நினைவிற் கொள்க, பின்னர் பயன்படும்.

அந்நாளில் நகராட்சியில் பணியாற்றிய தொழிலாளர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பெருந்தொகையினர். அவர்களுள் தமிழரே மிகுதி. சாலை போடுதல், நீர்க்குழாய் பதித்தல், துப்புரவு செய்தல், மின்கம்பி வடங்களுக்காகப் பள்ளம் தோண்டுதல் ஆகிய பணிகளில் அவர்களின் கைகள் ஈடுபட்டன. ஆளுநர் திறந்து வைத்த செய்தி ஏட்டில் பதிவாகியுள்ளது. பள்ளம் தோண்டியவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. உங்கள் பாட்டனாரோ அவர்தம் தந்தையாரோ "முனிசிபாலிட்டி"யில் வேலை பார்த்ததாக வீட்டில் யாரேனும் கூறினால், எந்த இலாகாவில், எந்த இடத்தில், என்ன வேலை என்று கேட்டு எழுதி வையுங்கள். அச்செய்தியைக் கூற வல்லோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மூன்றரை ஆண்டுகள் கழித்தே அவர்கள் அகன்றனர். போருக்குப் பின்னர் மக்கள்தொகை விரைந்து பெருகியது. மின்சாரத் தேவையும் உடன் பெருகியது. பழைய நிலையத்தால் ஈடுகொடுக்க இயலவில்லை. மின்வெட்டுகள் நேர்ந்தன. 1951ஆம் ஆண்டில் நகரம் என்னும் தகுதி பெற்ற சிங்கப்பூருக்கு, விளக்கு அணைந்து அணைந்து எரிவது பெருமை தருவதாய் இல்லை. 1953ஆம் ஆண்டில் பாசிர் பாஞ்சாங்கில் இரண்டாவது மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகே நெருக்கடி தணிந்தது. 1963ஆம் ஆண்டு மே முதல் நாள் பொதுப் பயனீட்டுக் கழகம் தோன்றி, நகர மன்றத்திடமிருந்து மின்சாரம், நீர், எரிவாயு ஆகிய மூன்றன் பொறுப்பையும் ஏற்றது. அதன் பின்னர் ஜூரோங்கிலும் செனோக்கோவிலும் மேலும் பெரிய நிலையங்கள் எழுந்தன.

ஊரின் நடுவே அல்லது ஊருக்கு மிக அருகே இருந்த மின்நிலையங்கள் ஊரைவிட்டு விலகியது ஏன்? புகையும் சாம்பலும் ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. மின்சாரம் கம்பியில் செல்லும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகின்றது. மின்னோட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். ஆனால் மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே அளவு ஆற்றலை அனுப்ப மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு போதும். இழப்போ நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தொடக்க காலத்தில் மிக உயர்ந்த மின்னழுத்தத்தைக் கையாளும் கருவிகள் இல்லை. ஆகவே விளக்கு எரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. 1882ஆம் ஆண்டில் எடிசன் நியூயார்க் நகரில் தம் மின்நிலையத்தை நகரின் நடுவிலேயே அமைத்ததற்கு இதுவே காரணம். பிற்காலத்தில் மின்மாற்றிகளும் வடங்களும் மேம்பட்டன. இன்று நம் வீட்டுக்கு 230 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரம், சிங்கப்பூரின் பெருவடங்களில் 400,000 வோல்ட் வரையிலான அழுத்தத்தில் பயணம் செய்கின்றது. தொலைவு ஒரு பொருட்டாக இல்லாதபோது, விலைமிக்க நகர நிலத்தில் மின்நிலையம் இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லாமற் போயிற்று. எரிபொருளும் மாறியது. நிலக்கரிக்குப் பின் எண்ணெய், எண்ணெய்க்குப் பின் இயற்கை எரிவாயு என மாறி, இக்காலத்தில் நம் மின்சாரத்தின் பெரும்பகுதி எரிவாயுவிலிருந்தே கிடைக்கின்றது.

செயின்ட் ஜேம்ஸ் நிலையம் 1976ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. இயந்திரம் இல்லாத மின்நிலையத்தை என்ன செய்வது? அக்காலத்தில் சிங்கப்பூரில் பழங்கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு வந்தன. வீடற்றோர்க்கு வீடும் வேலையற்றோர்க்கு ஆலையும் வேண்டியிருந்த நேரம் அது. அதனைக் குறைகூற இயலாது. இக்கட்டடம் தப்பியதற்குக் காரணம் பழம்பொருள் மீது யாரும் கொண்ட பற்று என்று நான் எண்ணவில்லை. உள்ளே பெரிய வெற்றிடமும் அருகே துறைமுகமும் இருந்தன, அதனால் தப்பியது. 1990களின் தொடக்கத்தில் துறைமுகக் கழகம் அதனை இயந்திர வசதியுடன் கூடிய பண்டகசாலையாக மாற்றிப் பயன்படுத்தியது. இயந்திரத்துக்காகத் தைத்த சட்டை, மூட்டை முடிச்சுகளுக்கும் பொருந்தியது!

2006ஆம் ஆண்டில் அது மூன்றாம் பிறவி எடுத்தது. இம்முறை இசையும் ஆடலும் நிறைந்த இரவுநேரக் கேளிக்கைக் கூடங்கள் அங்குக் குடியேறின. பெரியோர் சிலர் முகம் சுளித்திருக்கக்கூடும். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு "செயின்ட் ஜேம்ஸ் பவர் ஸ்டேஷன்" என்னும் பெயர் மறவாமல் இருந்தது அக்கூடங்களினால்தான். 2009ஆம் ஆண்டு நவம்பரில் இக்கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நீதிமன்றம் ஆகியவை நினைவுச்சின்னமாவது நமக்குப் பழகிய செய்தி. கரியும் புகையுமாய் உழைத்த ஒரு தொழிற்கூடம் அவ்வரிசையில் இடம்பெற்றது உழைப்புக்குக் கிடைத்த மரியாதை என்றே கொள்ளலாம். அறிவிப்புக்குப் பின் அதனை உரிய இசைவின்றி இடிக்கவோ மாற்றவோ எவருக்கும் உரிமை இல்லை.

கேளிக்கைக் கூடங்கள் வெளியேறிய பின்னர்க் கட்டடம் மீண்டும் செப்பனிடப்பட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச்சில், தூசி உறிஞ்சி, மின்விசிறி, முடி உலர்த்தி முதலியவற்றை உருவாக்கும் டைசன் நிறுவனம் தன் உலகத் தலைமையகத்தை அங்கே திறந்தது. இதில் அறிவியல் மாணவர்க்கு உரிய ஒரு நயம் உள்ளது. மேற்கூறிய பொருள்கள் அனைத்தின் உள்ளேயும் இருப்பது மின்னோடி. மின்னோடி என்பது மின்னாக்கியைத் தலைகீழாக நிறுத்தியது போன்றது. மின்னாக்கி சுழற்சியைப் பெற்று மின்சாரத்தைத் தரும். மின்னோடி மின்சாரத்தைப் பெற்றுச் சுழற்சியைத் தரும். இரண்டிலும் உள்ளவை கம்பிச் சுருளும் காந்தமுமே. பழைய நிலையங்களில் ஒரு வீட்டளவு பெருத்த இயந்திரங்கள் சுழன்றன. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மீளும் வகையைச் சார்ந்தது. இதற்கு ஏற்ற இருதுருவ மின்னாக்கி நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும். இன்றைய தூசி உறிஞ்சிகளில் உள்ள கையடக்கமான மின்னோடிகளோ நிமிடத்துக்கு 100,000 முறைக்கும் மேல் சுழல வல்லவை. சுழலும் காந்தத்தின் வேலை அக்கட்டடத்தில் வேறு வடிவில் தொடர்கின்றது எனலாம்.

இனி ஒரு வினா. இப்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது முறையா? இலண்டன் மாநகரின் இரு மின்நிலையங்களை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். தேம்ஸ் ஆற்றங்கரையில் நான்கு புகைபோக்கிகளோடு நின்ற பேட்டர்சி நிலையம் 1983ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதனை மாற்றியமைக்க முயன்றோர் ஒருவர் பின் ஒருவராகத் தோற்றனர். கூரை அகற்றப்பட்ட நிலையில் அது மழையிலும் பனியிலும் பல்லாண்டுகள் நின்றது. அரித்துப்போன புகைபோக்கிகளைப் பிரித்து, அதே வடிவில் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டில்தான் அது கடைகளும் அலுவலகங்களும் வீடுகளுமாகத் திறக்கப்பட்டது. அதே ஆற்றங்கரையில் உள்ள பேங்க்சைட் நிலையம் 1981ஆம் ஆண்டில் மூடப்பட்டு, 2000ஆம் ஆண்டில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடமாயிற்று. சுழலிகள் நின்ற அதன் பெருங்கூடத்தில் இன்று எவரும் கட்டணமின்றி நுழைந்து அண்ணாந்து பார்க்கலாம்.

இவற்றோடு ஒப்பிட்டால், நம் செயின்ட் ஜேம்ஸ் பாழடைந்து கிடக்கவில்லை. ஆளில்லாத வீடு விரைவில் கெடும் என்பதை நாம் அறிவோம்; பண்டகசாலையோ பாட்டுக் கூடமோ, ஏதேனும் ஒன்று உள்ளே இருந்ததால்தான் சுவர்கள் பிழைத்தன. ஆனால் பேங்க்சைட்டில் கிட்டிய ஒன்று இங்குக் கிட்டவில்லை. மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு நகராட்சி எழுப்பிய கூடம் இது. முகப்பை யாவரும் கண்டு மகிழலாம். உள்ளே ஒரு நிறுவனத்தின் அலுவலகம் இயங்குவதால் பள்ளிப் பிள்ளைகள் நினைத்தபோது நுழைந்து அந்த உயரத்தை உணர இயலாது. மேலும், சட்டை எஞ்சியுள்ளது. அதனை அணிந்திருந்த இயந்திரங்கள் இல்லை. ஒரு கொதிகலனையும் ஒரு சுழலியையும் அவை நின்ற இடத்திலேயே விட்டு வைத்திருந்தால், நான் மேலே பத்தி பத்தியாக எழுதியதை நீங்கள் ஒரு பார்வையில் புரிந்துகொண்டிருப்பீர்கள். 1976ஆம் ஆண்டில் அவ்வாறு சிந்திப்பார் குறைவு.

பாசிர் பாஞ்சாங் மின்நிலையமும் தன் பணியை முடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2019ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங் தென்கரைப் பகுதியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகையில், பழைய பாசிர் பாஞ்சாங் மின்நிலைய வட்டாரத்தைப் புதிய வகையில் பயன்படுத்தும் எண்ணத்தையும் குறிப்பிட்டார். அங்குள்ள பெருங்கூடங்களும் கடலை நோக்கியே நிற்கின்றன. செயின்ட் ஜேம்ஸில் கிட்டாத வாய்ப்பு அங்கே இன்னும் கைநழுவவில்லை. மின்சாரம் பிறந்த கூடத்துக்குள் நம் மாணவர்கள் வரிசையாக நுழைந்து, தலை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கும் வகையில் அது அமையுமாயின் மிக நன்று.